ஐஸ் தண்ணிதான்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் 10.56 நொடி. கார் பந்தயத்துக்குத் தேற, கால் மைலை 10.50க்குள் முடித்தாக வேண்டும். ஞாயிறு கடைசி வாய்ப்பு. தவறினால் தங்கையின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். வண்டியை ஓட்டுவது அவள், கட்டியது நான். குற்றவாளி யாரென்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வரிசையில் நிற்கும்போதே பெட்ரோல் சூடேறிக் குமிழி விடுகிறது. பாதி ஓட்டத்தில் இன்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது.

மார்ச் 6

பெட்ரோலைக் குளிர்விக்க வழி செய்துவிட்டேன். ஒரு அலுமினிய டப்பா, உள்ளே பெட்ரோல் ஓடும் சுருட்டிய குழாய், சுற்றிலும் ஐஸ். அவ்வளவுதான்.

பக்கத்து ஷெட் வெல்டர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல பெருசா என்னம்மா கெடச்சிடும்? குழாயில புதுசா ரெண்டு ஜாயின்ட்தான் மிச்சம். ஜாயின்ட்டுன்னா என்னைக்காவது ஒழுகும்."

மனுஷன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

மார்ச் 8

சோதனை ஓட்டம். 10.52! இன்னும் துளிதான்.

டப்பா வியர்த்து வண்டிக்கடியில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மூன்று முறை பதறிக் குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்தேன். மூன்று முறையும் வெறும் தண்ணீர். "மோப்ப நாய் மாதிரி சுத்தாதக்கா" என்று தங்கை சிரித்தாள்.

மார்ச் 9

ஐயோ.

மார்ச் 11

ஞாயிறன்று தொடக்கக் கோட்டில் பரிசோதகர் கைகாட்டினார். "கீழ ஈரமா இருக்கே?"

"ஐஸ் தண்ணிதான் சார்."

நான்தான் சொன்னேன். குனியவில்லை. ஏன் குனியல? நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் — ஐஸ் உருகிவிடுமோ என்ற பயம் — பாழாய்ப்போன அவசரம்! ஜாயின்ட் விட்டு பெட்ரோல் ஒழுகியிருக்கிறது. எல்லைக் கோட்டைத் தாண்டி பிரேக் பிடிக்கும்போது தீ. அவளாகவே கதவைத் திறந்து வெளியே வந்தாள். கையுறையோடு சேர்ந்து இரண்டு கையும் வெந்துவிட்டது. என் கை நன்றாக இருக்கிறது. எழுதுகிறது பார்.

மார்ச் 14

அம்மா என்னிடம் பேசுவதில்லை.

மார்ச் 19

தங்கை கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.

"டைம் எவ்ளோக்கா?"

பத்து நாளாக நான் பயந்த கேள்வி.

"10.49."

"அப்ப தேறிட்டோமா!" முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னைக்கு நான் குனிஞ்சே பாக்கலடி. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

மென்று விழுங்கினாள்.

"தெரியும். உள்ளேருந்து உன்னத்தான் பாத்துட்டு இருந்தேன். கேட்டா நிறுத்திடுவாங்கன்னு நானும் கேக்கல."

பிறகு மறுபடி வாயைத் திறந்தாள்.