ஓரடி முன்னால்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பயிற்சி முகாமில் உடம்பு இரும்பாகிவிட்டது, தூக்கம்தான் இல்லை. பக்கத்துக் கட்டில்காரன் விடும் குறட்டையில் கூரைத் தகடே அதிர்கிறது. அவன் பெயரே இப்போது குறட்டைதான்.

ஒரு சேதி. உன் ராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வெப்ப அறை ஆய்வுக்கு ஆள் கேட்டு வந்தார்கள். களைப்பு தெரியாமல் இருக்க ஏதோ புது மாத்திரையாம், அதைப் போட்டுச் சூடேற்றிய அறையில் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். "விருப்பம் இருக்கிறவன் ஓரடி முன்னால வா!" என்று கத்தினார் சார்ஜென்ட். நான் வந்தேன். என்னைப் பார்த்துக் குறட்டை வந்தான். பிறகு வரிசை மொத்தமும். அங்கே என்னைக் கண்டால் யாரோ எவரோ என்று நடி, டாக்டரம்மா!

உன் வாண்டு

மார்ச் 9

அன்பு வாண்டு,

உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். பள்ளி மைதானத்தில் வெயிலில் விழுந்து உனக்கு வலிப்பு வந்ததே, மறந்துபோனதா? அதை மறைத்துத்தானே ராணுவத்தில் சேர்ந்தாய்?

இதை நான் எழுதவே கூடாது. முதல் சுற்றில் அந்த மாத்திரை போட்ட இருவருக்கு வலிப்பு வந்தது. "காலைல சாப்பிட்டிருக்க மாட்டானுங்க. எண்ணிக்கை சேரட்டும், பார்க்கலாம்" என்கிறார் எங்கள் துறைத் தலைவர், கர்னல். நாங்கள் எல்லோரும் தலையாட்டுகிறோம். நீ விலகிவிடு, கண்ணா. யாரிடமும் காரணம் சொல்லாதே.

அக்கா

மார்ச் 15

அக்கா,

விலகுவதா? இங்கே பின்னால் போனவனைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். வலிப்பு விஷயம் வெளியே வந்தால் வேலையே போய்விடும். என்னைச் சீருடையில் பார்த்து அம்மா அழுத அழுகை உனக்குத் தெரியும். வாயைத் திறந்துவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

வாண்டு

ஏப்ரல் 2

அன்பு வாண்டு,

சொல்லிவிட்டேன். கர்னலிடம் நானே போய் உன் வலிப்பைச் சொன்னேன். உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். நீ சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாயாம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உயிரோடு இருந்து திட்டு.

அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

குறட்டை உங்கள் வெப்ப அறையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டானாம். முகாமிலிருந்து சொன்னார்கள்.

வேலை போனதற்கு உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது அது இல்லை. உன் தம்பியை வெளியே இழுத்துவிட்டாய், சரி. அந்த இருவரைப் பற்றி மற்றவர்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நானும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் அவன் ஓரடி முன்னால் வந்தான். உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு அவன் ஞாபகம் வருகிறது. இனி எழுதாதே.

மே 6

அன்பு வாண்டு,

எழுதாதே என்றாய், இது ஒன்று மட்டும்.

துறைக் கூட்டத்தில் எழுந்து அந்த இருவரைப் பற்றிச் சொன்னேன். மற்ற டாக்டர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வை நிறுத்திவிட்டார்கள். என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் குறட்டையின் பக்கத்தில் உட்காருகிறேன். அவன் இன்னும் கண் திறக்கவில்லை. அவன் அப்பா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கறையுள்ள டாக்டர் என்று நினைத்து என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். எனக்குக் கூசுகிறது. நேற்று கேட்டார்: "இவன் குறட்டை விட்டா தெருவே முழிச்சுக்கும்மா. இப்ப ஏன் சத்தமே இல்ல?"

மூச்சை இயந்திரம்தான் விடுகிறது என்று சொல்வதற்குப் பதில், அவர் நாற்காலியைக் கட்டிலருகே நகர்த்திப் போட்டேன்.

அவனைப் பார்க்க வருவதானால் காலையில் வா. நான் மாலையில்தான் இருப்பேன்.

அக்கா