பிளந்த பாறைக்கு மேலே பொன் இல்லை

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீயும் மகளும் சுகமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

நான் வேலை பார்த்த வெல்டிங் பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல், உன் வீட்டுக்காரன் நெட்டையனும் நானும் சேர்ந்து பொன் அரித்த அதே ஓடைக்குத் திரும்பி வந்திருக்கிறேன். குடிசையின் கூரைத் தகரத்தை மட்டும் மாற்றினேன். முதல் நாளே, தண்ணீர் வேகம் தணிகிற உள்வளைவில், தட்டின் ஓரத்துக் கருமணலில் ஏழு பொட்டு தங்கிற்று. மாவு மாதிரிப் பொடிதான். ஆனாலும் பொன்.

கிடைப்பதில் பாதி உங்களுக்கு. நெட்டையன் செய்துவிட்டுப் போனதற்கு நீ என்ன செய்வாய், பாவம்.

இப்படிக்கு,
அண்ணன்

ஜனவரி 21

ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் எனக்கு வேலை. மகளுக்குப் பதினொரு வயது.

பாதியும் வேண்டாம், முழுசும் வேண்டாம். “கூட்டாளியோட பொன் குப்பியத் தூக்கிட்டு ஓடிட்டான்” என்று முதன்முதலில் சொன்னது நீங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும் நீங்கள். போன மாதம் பள்ளிப் படிவத்தில் அப்பா பெயருக்கான இடத்தை மகள் காலியாக விட்டிருந்தாள். கேட்டதற்கு, “ஓடிப்போனவர் பேர எதுக்கும்மா எழுதணும்?” என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. நானும் அதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.

பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். மனசு கேட்கவில்லை.

வளைவு வளைவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். பெரிய கற்களின் முதுகுப்புறம், பாறை வெடிப்புகள், ஒன்று விடாமல் கரண்டியால் சுரண்டி அரிக்கிறேன். கீழே கிடைத்தவை உருண்டு தேய்ந்த பொடி. மேலே வர வர மணி பருக்கிறது, விளிம்பு கூராக இருக்கிறது, சிலவற்றில் வெள்ளைக்கல் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அதிக தூரம் உருண்டு வந்த பொன் இல்லை இது.

நெட்டையன் அன்று காலை இதைத்தான் சொன்னான். “மேல போய்ப் பாக்கலாம்டா. மூலம் அங்கதான் இருக்கு.” நான் கத்தினேன்: “கெடைக்கிற எடத்த விட்டுட்டு எவனாவது போவானா? கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?” குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டான். அப்புறம் மூன்று நாள் விடாத மழை. அவன் வரவே இல்லை. பஸ் நிலையம், லாரி நிறுத்தம், நகைக்கடைகள் என்று கீழே எல்லா இடத்திலும் விசாரித்தேன்.

இங்கே யானை உயரப் பாறை ஒன்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதற்குக் கீழே தட்டுக்கு இருபது மணி தேறுகிறது. மேலே நாலு நாள் அரித்தும் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் பொன் பாறைக்குப் பக்கத்துக் கரையிலிருந்துதான் ஓடையில் விழுகிறது. இடது கரை எப்போதோ சரிந்து மூடியிருக்கிறது. நாளை அங்கே தோண்டுகிறேன்.

அண்ணன்

மார்ச் 2

தங்கச்சி,

மகள் பக்கத்தில் இருந்தால் இதை இப்போது படிக்காதே. உட்கார்ந்து படி.

நெட்டையன் ஓடவில்லை. இங்கேதான் இருக்கிறான்.

மார்பளவு ஆழத்தில் முதலில் மண்வெட்டி தட்டுப்பட்டது. பிடியில் கம்பி சுற்றியவன் நான், எனக்குத் தெரியாதா? அதற்கு அடியில் அவன். கரையைக் குடைந்துகொண்டிருந்தபோது மேலிருந்த மண் மொத்தமாக இறங்கியிருக்கிறது.

நீ மூடி வைத்துத் தைத்துக் கொடுத்த சட்டைப்பை பொத்தான் போட்டபடியே இருந்தது. உள்ளே குப்பி உடையாமல் இருந்தது. நாங்கள் சேர்த்த பழைய பொடிக்கு மேலே கூரான பெரிய மணிகள் கிடந்தன. மூலத்தை அவன் அன்றே கண்டுபிடித்துவிட்டான் தங்கச்சி. தனக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருடைய குப்பியில்தான் போட்டிருக்கிறான்.

ஓடுகிறவன் கீழேதானே போவான் என்று கீழேயே தேடினேன். குடிசையிலிருந்து இது அரை மைல். ஒரு தடவை ஏறி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். மண் விழுந்ததும் போய்விட்டானா, நான் வருவேன் என்று காத்துக் கிடந்தானா? 

தார்ப்பாய் விரித்துச் சுற்றிலும் கல் வைத்திருக்கிறேன். பொன் ஓடும் வெள்ளைக்கல் ரேகை அவனுக்கு அடியில் போகிறது. அதை நான் தொடவில்லை. முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும், சொல். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அது போதாது.

அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

கடிதத்தைக் கடையில், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதலாளியம்மா ஓடிவந்து, “என்னம்மா, யாருக்கு என்ன?” என்றார். “எங்க வீட்டுக்காரர் கெடச்சுட்டாரும்மா” என்றேன். 

ஸ்டேஷனுக்குப் போங்கள். அன்று எழுதிக் கொடுத்த இடத்திலேயே உண்மையையும் எழுதிக் கொடுங்கள். அவரை முறைப்படி எடுக்கட்டும். ரேகையைத் தோண்டுவதோ மூடுவதோ உங்கள் இஷ்டம். கண்டுபிடித்தவர் அவர் என்பதை மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுங்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எட்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதும் நம்பினேனே. “அவர் அப்படிப்பட்டவர் இல்லை” என்று ஒரு தடவைகூட என் வாயில் வரவில்லையே.

அப்பா இறந்துவிட்டார் என்று மகளிடம் நான் சொல்லிவிடுவேன். அவர் ஓடவில்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள், அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பாள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நிறுத்தத்தில் நில்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும்.

அப்புறம் மூன்று பேருமாக மேலே ஏறுவோம்.

தங்கச்சி