பெயர் மறைத்து அனுப்பிய கட்டுரை

பார்சலைப் பிரித்து நாளாகியும் கடைக்குள் புது மையின் வாசனை போகவில்லை. நாம் இருவரும் தொடங்கிய ஆய்விதழின் முதல் இதழ், தெரணியகலையில் வாப்பாவின் கடை மேசைமேல் கிடக்கிறது. நீ இருந்திருந்தால் அட்டையைக்கூடப் பார்க்காமல் எழுத்துப்பிழை தேட உட்கார்ந்திருப்பாய்.

கலைத்துறையில் முதுகலை ஆய்வு செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஆய்விதழ் வேண்டும் என்று நீ சொன்னது கொழும்பு பஸ்ஸில். சும்மா ஒரு மலர் போடலாமே, லேசான வேலை என்றேன். நீ விடவில்லை.

"தேயிலைத் தோட்டத்துப் புள்ள எழுதியிருக்கான்னு பாவப்பட்டு எல்லாரும் கைதட்டுறாங்க. எனக்கு அது வேணாம். நான் யாருன்னே தெரியாத ரெண்டு பேரு படிக்கட்டும். சரின்னா சரி, தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும்" என்றாய்.

பெயரை மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்பும் விதி அப்படித்தான் வந்தது. ஆசிரியர் குழுவில் இருக்கும் நமக்கும் அதில் விலக்கு இல்லை என்று நீயே எழுதிச் சேர்த்தாய். உன் பிடிவாதத்தை நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

உன் கட்டுரை தோட்டத்துக் கோயில் சுவர்களில் சித்திரம் தீட்டியவர்களைப் பற்றியது. டவுனில் போர்டு எழுதும் சிங்களப் பெயின்டர் ஒருவர், மாரியம்மனுக்குக் கண்டிச் சிங்களப் பெண்கள் கட்டும் ஒசரி பாணியில் சேலை கட்டிவிட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "அம்மனுக்கு அது நல்லாத்தானே இருக்கு" என்பாய். அந்தக் கட்டுரையை நான் மதிப்பீட்டுக்கு அனுப்பிய கிழமைதான் உனக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். பிறகு நீ வீடு திரும்பவில்லை.

உன் படத்தைப் போட்டு, கட்டுரையை அப்படியே முதல் இதழில் வெளியிடுவோம் என்றார்கள் குழுவில். நான் மறுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். நேற்று உன் அண்ணன் கடைக்கு வந்து, இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தங்கச்சி எழுதினது இதுல இல்லைங்களா?"

"இன்னும் முடிவு வரல்ல அண்ணா."

சரி என்று வைத்துவிட்டுப் போனார். உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போன பிறகும் என்னை இப்படிக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாயே.

முதல் மதிப்பீட்டாளர் கட்டுரையை வெளியிட முன்பே சம்மதித்திருந்தார். இன்று காலை இரண்டாமவரின் பதில் வந்தது. அவர் கிழக்கு மாகாணத்தில் இருப்பவர். உன்னைத் தெரியாது, நடந்ததும் தெரியாது. ஓரிடத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிட்டாய் என்று கடிந்திருக்கிறார். ஒசரிப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்தாராம். தாராளமாக வெளியிடலாம் என்கிறார். பாவம் பார்த்த ஒரு சொல்கூட அதில் இல்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "எழுதியவர் யாரோ, தெரியாது. இத்தோடு நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்."

கடையில் ஆட்கள் நிற்கும்போதே அழுதுவிட்டேன். நீ யாரென்று அவருக்குச் சொல்ல விதி இடம் தராது. "சொல்லிவிடுகிறேன்" என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இத்தோடு நிறுத்த வேண்டாமாம், புள்ள.