மரியோ யோசப் பற்றிய திருத்தம்

2025 செப்டெம்பர் 6, சனி

இந்த மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சங்கம் நடத்தும் கண்காட்சிக்காக ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையும் நானும் பழைய கொம்பியூட்டரை இன்று ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தைந்து வருடம் கழித்தும் பச்சை எழுத்து வந்துவிட்டது! 1990இல் இங்கே கனடாவில் அவர் வீட்டு பேஸ்மென்டில் நாங்கள் தொடங்கிய செய்திச் சேவை. கொழும்பு வழியாகத் தொலைபேசியில் வரும் ஊர்ப் போர்ச் செய்தியை நான் ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பேன். மோடம் வைத்திருப்பவர்கள் தங்கள் கொம்பியூட்டரிலிருந்து போன் லைனில் அழைத்து வாசிப்பார்கள். ஒருவர் வாசித்தால் மற்றவருக்கு லைன் பிசி.

டிஸ்க் எல்லாம் என்னிடம்தான். எல்லாவற்றையும் திரையில் காட்டலாம், ஒன்றைத் தவிர என்கிறார் அண்ணை.

"அந்த மரியோ யோசப் விசயம் வேண்டாம் பிள்ளை. வாற சனத்துக்கு முன்னால எங்கட மானம் போகும்."

எந்த மானம்?

செப்டெம்பர் 7

கோபம் இன்னும் அடங்கவில்லை. நடந்ததை எழுதியே வைக்கிறேன்.

ஊரில் எறிகணைச் செல் விழுந்து இறந்த பெடியனின் பெயர் யோசப் மரியோ. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால். நானோ அப்போது இங்கே வந்து இரண்டு வருடமாக ஃபோர்ம் நிரப்பி நிரப்பிக் கை பழகிப்போய், தகப்பன் பெயரைப் பின்னால் தள்ளி 'மரியோ யோசப்' என்று அடித்துவிட்டேன். அதே ஊரில் அந்தப் பெயரில் வேறொருவர் இருந்தார். அவர் மனைவி வேரோனிக்கா இங்கே வெக்ஸ்போர்ட்டில். என் செய்தியை நம்பி மூன்று நாள் கறுப்பு உடுத்து, கணவரின் ஆத்துமாவுக்குப் பூசையும் ஒப்புக்கொடுத்துவிட்டார். இறந்தவனின் தமக்கையோ அந்த மூன்று நாளும் ஒன்றும் தெரியாமல் இதே நகரத்தில் மில்லிக்கனிலிருந்து வேலைக்குப் போய்வந்தாள்.

பிழை தெரியவந்த அன்றும் அண்ணை அழிக்கத்தான் சொன்னார். "இதென்ன பேப்பரே? ஒரு கீ அமத்தினாச் சரி, ஆருக்குத் தெரியப் போகுது?"

அழிக்கவில்லை. பிழையை அப்படியே விட்டு, மேலே திருத்தம் போட்டேன். பத்து நாள் முதல் பக்கத்தில் கிடந்தது.

செப்டெம்பர் 10

மகள் ஸ்டெபனி: "அம்மா, ஜஸ்ட் லெட் இட் கோ. ஒருத்தரும் நோட்டிஸ் பண்ண மாட்டினம்." நான் பண்ணுவேனே!

செப்டெம்பர் 13

அண்ணை போன் எடுத்தார். "சரி, கொம்பியூட்டர் பிழை எண்டு ஒரு கார்ட் எழுதி வைப்பம்."

"கொம்பியூட்டர் பிழை விடேல்லை அண்ணை. நான்தான் விட்டனான். திருத்தம் இல்லையெண்டால் ஒரு டிஸ்க்கும் தரமாட்டன்."

போனை வைத்துவிட்டு டிஸ்க்குகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சொன்னது சொன்னதுதான்.

செப்டெம்பர் 14

வாட்ஸ்அப்பில் அண்ணை: "வேரோனிக்காவின்ர மனத்தை யோசிச்சனியோ?"

யோசிக்கவில்லை. இத்தனை வருடமும் வேரோனிக்கா அக்காவின் முகத்தை நேரே பார்த்ததுமில்லை. கோயிலில் அவரைக் கண்டால் மற்றக் கதவால் வெளியேறிவிடுவேன். பெரிய வீராங்கனை நான்!

செப்டெம்பர் 16

போனேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்று கேட்டுத்தான் வேரோனிக்கா அக்கா கதவைத் திறந்தார். அவர் கணவர் பிறகு கனடா வந்து சேர்ந்து, இந்த மாசியில்தான் தவறினார். நான் செத்தவீட்டுக்கும் போகவில்லை. வெட்கம்.

கண்காட்சி விசயத்தையும் அண்ணை கேட்டதையும் சொன்னேன்.

"நீ செய்தது பிழை. நான் மறக்கேல்லை. ஆனா என்ர பேரைச் சொல்லி ஒருத்தரும் ஒண்டும் ஒளிக்க வேண்டாம். போடு."

அண்ணைக்கு அதை அப்படியே அனுப்பினேன். 'ஓம்' என்று மட்டும் பதில் வந்தது.

செப்டெம்பர் 27, சனி

கண்காட்சி. நல்ல சனம். வேரோனிக்கா அக்கா வந்தார். அண்ணை தானே கதிரை தூக்கிவந்து திரைக்கு முன்னால் போட்டார்.

அக்கா எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தார்: "திருத்தம். மரியோ யோசப் உயிருடன் இருக்கிறார். பிழை என்னுடையது. செலீன்."

'உயிருடன் இருக்கிறார்' என்பதை மட்டும் இன்னொருதரம் வாசித்தார்.

அடுத்த பக்கம் போக நான் கீயில் கை வைத்தேன்.

"மாத்தாதை," என்றார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

மாற்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.