எந்த முகத்தோடு வந்தாலும்

அம்மா,

இன்று அல்சூரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண், காதில் எதுவும் மாட்டாமல் போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புல்லாங்குழல் கேட்டது, அப்புறம் அந்தச் சீனத் தந்தி வாத்தியம். எட்டிப் பார்த்தேன். வெள்ளை அங்கி போட்ட ஒருவன் மேகத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் முடி மட்டும் கலையவில்லை. நீயாக இருந்தால் "எத்தனாவது எபிசோடும்மா?" என்று கேட்டு, எம்.ஜி. ரோடு வருவதற்குள் அந்தப் பெண்ணோடு சிநேகமாகியிருப்பாய். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஊரடங்கில்தான் உனக்கு இந்தச் சீன நாடகப் பைத்தியம் பிடித்தது. சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவள் நீ, கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை என்னைவிட வேகமாகப் படிப்பாய். படிப்பதோடு விடமாட்டாய். சமையலறையில் இருக்கும் எனக்குக் கேட்கிற மாதிரி அதைத் தமிழிலும் சொல்வாய். "பத்தாயிரம் வருஷம் ஆனாலும் வெயிட் பண்றேங்கறான்டி." சாயங்காலம் விளக்கேற்றியதும் ஜோகுபாளையத்து மாடி வீட்டு ஹாலில் தேவர்கள், அசுரர்கள், நரி உருவம் எடுத்த பெண்கள் எல்லோரும் வந்து நிறைந்துவிடுவார்கள்.

எனக்கோ சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கிற வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. டிராகன் பொம்மை மாதிரி இருக்கிறது என்பேன். உதடு ஒன்று பேசுகிறது, குரல் ஒன்று பேசுகிறது என்பேன். நாலு வார்த்தையில் தீர்கிற சந்தேகத்தை வாரக்கணக்கில் இழுக்கிறார்களே என்பேன். எனக்குத் தாங்காதது வேறொன்று. அவன் அவளைச் சந்தேகப்படுவான், தண்டிப்பான், அவள் செத்தே போவாள். அதற்கப்புறம்தான் அவனுக்குப் புத்தி வரும். வானத்திலிருந்து இடி விழுந்து ரத்தம் கக்குவான். உடனே அடுத்த ஜென்மத்தில் இவள் மன்னித்துவிடுவாள்.

"அவ பாதிக் கதைக்கு அடி வாங்கறா, அவனுக்கு ஒரே ஒரு எபிசோடு இடி. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்."

"குறை இல்லேன்னு யாரு சொன்னா? நடுவுல ஒரே பேஜார். நானே ஓட்டித்தான் பாக்கறேன்."

"அப்புறம் எதுக்குப் பாக்கறே?"

"அவ வேற முகத்தோட வருவா. வேற பேரு, வேற ஊரு. தான் யாருன்னு அவளுக்கே தெரியாது. சந்தைக் கூட்டத்துல அவன் ஒரு தடவ திரும்பிப் பாப்பான். தெரிஞ்சுடும். அது ஒண்ணுக்குதான்டி."

இதைச் சொல்லும்போது உன் கை தலையைத் தடவிக்கொண்டிருந்தது. கீமோ முடிந்து முடி அப்போதுதான் கட்டையாக, முழு வெள்ளையாக முளைத்திருந்தது. இடுப்புவரை பின்னல் தொங்கிய காலத்து ஆள் மாதிரியே நீ இல்லை. கன்னம் ஒட்டி, கழுத்து மெலிந்து, பெரிய மூக்குக் கண்ணாடியோடு இருந்தாய். தெருவில் தெரிந்தவர்களே உன்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து விசாரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா போன் செய்தார். அவர் திரும்பி வர நினைக்கிறார் என்றார். அவரை அப்பா என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இன்னொரு பெண்ணோடு ஓசூருக்குப் போய் அங்கேயே குடும்பம் நடத்தியவர். அந்த அம்மாள் இறந்துவிட்டாராம். உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நம் வீட்டிலேயே இருந்துவிட ஆசைப்படுகிறாராம். "வயசான காலத்துல ஆளுக்கொரு மூலையில எதுக்குக்கா?" என்றார் உன் தம்பி. போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ மறுப்பாய் என்று நான் காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா," என்றாய். "என் உடம்பப் பத்தி மட்டும் அவர்கிட்ட மூச்சு விடாத."

அந்த வாரம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. ஒற்றை ஆளாக டைப் அடித்து என்னைப் படிக்க வைத்தவள் நீ. அந்த வீட்டில் அவர் கை கழுவிச் சாப்பிட உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "அவரு உள்ள வந்தா நான் பெட்டியத் தூக்கிட்டு வெளிய போயிடுவேன்," என்றேன். "சும்னே இரு," என்று கன்னடத்தில் அடக்கினாய். நீ என்ன முடிவு செய்திருக்கிறாய் என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த வாரம் பார்த்து நாடகத்தில் நாயகன் பனியில் மண்டியிட்டுக் கிடந்தான். நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போச்சு, எங்கேயோ இருக்கிற சீனாக்காரன் என் அம்மாவின் மனசைக் கரைத்துவிட்டான் என்று நினைத்தேன். வைஃபையைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலக் கரை போட்ட நல்ல புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாய். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன்.

"நீ அங்கயே நில்லு. கதவ நான் தொறக்கறேன்."

மாமா கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் மட்டும் முதலில் படியேறி வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. "யாரு வேணும்?" என்று நீ கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் உன்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் செய்வதுபோல லேசாகத் தலையசைத்துவிட்டு, உன் தோளுக்கு மேலாக உள்ளே பார்வையை ஓட்டினார். அங்கே நான் நின்றிருந்தேன். அவர் கண் கலங்கியது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

அவர் விட்டுப் போனபோது உனக்கு என்ன வயதோ, அன்று எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. உன் நெற்றி, உன் கன்னம், பின்னல்கூட உன்னுடையதுதான். அவர் மனசில் உனக்கு வயதே ஆகியிருக்கவில்லை.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். "என்னக்கா, வாசல்லயே நிக்க வெச்சிருக்கே?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். அப்போதுதான் வந்தவர் மெல்லத் திரும்பி உன்னைப் பார்த்தார். கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எனக்கு அவர்மேல் துளிக்கூட இரக்கம் வரவில்லை.

நீ உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாய். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், பின்னாலேயே காபி. டிகாஷன் இறக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க," என்றாய்.

"அக்கா, வயசாயிடுச்சு, கண்ணு மங்கலா இருக்கும்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அவரு தேடி வந்தவ இங்க இல்லடா. கூட்டிட்டுப் போ."

நீ குரலை உயர்த்தவில்லை. அவர் நின்றபடியே தண்ணீரைக் குடித்தார், தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், படியிறங்கிப் போனார். நான் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து பார்த்தால் நீ சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாய்.

"முகம் மாறிடுச்சு, ஒத்துக்கறேன்," என்றாய். "வாயத் தொறந்து யாரு வேணும்னு கேட்டேனே. குரல்கூடவா தெரியல?"

"தெரிஞ்சிருந்தா உள்ள விட்டிருப்பியாம்மா?"

நீ எழுந்துபோய் அந்த டிகாஷனில் நம் இருவருக்கும் காபி கலந்தாய். அன்று சாயங்காலமும் நாடகம் போட்டாய். நான் முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிராகன் பொய், இடி பொய் என்று அத்தனை நாள் பேசியிருந்தேன். அந்தத் திரும்பிப் பார்க்கிற நிமிஷம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் என்று அன்றுதான் பட்டது. உனக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டாய்.

அடுத்த வருஷம் நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அவர் எனக்குப் போன் செய்கிறார். எண்ணை மாமாதான் கொடுத்திருக்க வேண்டும். நான் எடுப்பதில்லை. அதனால் குரலைப் பதிந்து அனுப்புகிறார். "ஒரே ஒரு தடவ உன்னப் பாக்கணும்மா." பெற்ற பாசம் என்கிறார் மாமா. இருக்கலாம். ஆனால் காலையில் தலை வாரிக்கொள்ளும்போது கண்ணாடியில் பார்த்தால் அவருக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. அந்த முகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அம்மா. அவருக்கு அதைக் காட்ட மாட்டேன்.