பெண்பிள்ளைகள் கூட்டத்துக்கு ஒரு வீடு

ஃபேரர் பார்க்,
6.8.1958

பிரியமுள்ள மங்களத்துக்கு ரத்தினம்மா எழுதுவது. நீ, உங்க அம்மா, தம்பிங்க எல்லாரும் சுகமா? என் சுகத்தைப் பத்தி நீ கேக்காதே.

நேத்து நீ கேட்டதுக்கு உன் முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்ல வரல. அதான் எழுதுறேன். பெண்பிள்ளைகளுக்குன்னு ஒரு சங்கம் வைக்கிறது நல்ல காரியம். ஆனா அதோட முதல் கூட்டத்தை என் வீட்டுல வைக்காதே. என் மக கோமளா போயி இன்னும் வருஷம் திரும்பல. அவ படுத்துக் கிடந்த கூடத்துலயா பிள்ளைங்க உட்கார்ந்து சிரிக்கும்? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க? நீ அவகூடப் படிச்சவ, உனக்குத் தெரியாததா. ஆடி மாசம் வேற. மண்டபத்துல கேட்டுப் பாரு.

இப்படிக்கு,
ரத்தினம்மா

பிடோக்,
9.8.1958

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு வருத்தமில்லை. மண்டபத்தில் கேட்டேன். அங்கே எந்நேரமும் பையன்கள் கேரம் ஆடுகிறார்கள். எந்த அப்பா பெண்ணை அனுப்புவார்? பாக்கியலட்சுமியை ஆறாம் வகுப்போடு நிறுத்தி வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் அப்பா மருதப்பன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரத்தினம்மா வீடுன்னா அனுப்புறேன் லா. வேற எங்கேயும்னா அவ வீட்டுலயே கிடக்கட்டும்." மற்ற வீடுகளிலும் இதே பேச்சுதான்.

ஆடி முடியட்டும், ஆவணியில் வைப்போம். தையல் கற்பது, செய்தித்தாள் வாசிப்பது, நர்ஸ் வேலைக்கு எப்படி மனுப் போடுவது, இதையெல்லாம்தான் பேசப் போகிறோம். நீங்கள் வரவேற்றுப் பேச வேண்டும். சங்கத்துக்குக் கோமளா பெயரையே வைக்க ஆசை. உங்களுக்கு மனமில்லை என்றால் கூட்டமே வேண்டாம் அம்மா.

அன்புடன்,
மங்களம்

ஃபேரர் பார்க்,
13.8.1958

மங்களத்துக்கு,

மருதப்பன் வாய் எப்பவும் அப்படித்தான். அவன் மகளை நேத்து தேக்கா மார்க்கெட்டுல பார்த்தேன். மீன் சுத்தின பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, நடைபாதையில நின்னு படிச்சுக்கிட்டிருந்தா. மீனு பாட்டுக்கு வெயில்ல கிடக்குது. அதைப் பார்த்தப்புறம் மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஞாயித்துக்கிழமை வச்சுக்க. அன்னைக்கு கோமளா அப்பாவுக்குத் துறைமுகத்துல வேலை, ஆம்பளை யாரும் இருக்க மாட்டாங்க. உன் கூட்டத்துல வர்ற ஜோசபின், மாதாகோயில்ல பூசை முடிஞ்சு, சாப்பிட்டு வரணும் பாரு, அதனால மூணு மணின்னு சொல்லு. நாற்காலி கிடையாது, பாய்தான். சுண்டல் நான் பண்ணுறேன். நீ பலகாரம் வாங்கிட்டு வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்.

வரவேற்றுப் பேசுன்னு எழுதியிருக்கே. "வாங்க, உட்காருங்க"ன்னு சொல்லுவேன். அதுக்கு மேல எனக்கு வராது.

கோமளா பேரு வேணாம். அவ பேரைச் சொன்னாலே எல்லாரும் குரலை இறக்கிடுறாங்க. பிள்ளைங்க சத்தமா சொல்ற மாதிரி ஒரு பேரு வையி.

ரத்தினம்மா

பிடோக்,
27.8.1958

அன்புள்ள அம்மா,

எல்லா வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டேன். வரும் ஞாயிறு மூன்று மணி. பெயரைப் பிள்ளைகளே கூடிப் பேசி வைக்கட்டும்.

நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். துக்க வீடு என்று எல்லாரிடமும் எடுத்துச் சொல்லிவிட்டேன். தலையில் பூ வைக்க மாட்டார்கள், சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றோம்" என்று சொல்லாமல், துக்க வீட்டு வழக்கப்படி பேசாமல் எழுந்து வந்துவிடுவார்கள். உங்கள் மனம் நோக எதுவும் நடக்காது.

அன்புடன்,
மங்களம்

ஃபேரர் பார்க்,
28.8.1958

மங்களம்,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு, சுண்டலுக்குப் பொறுக்கி வச்ச கடலையைத் திரும்ப டின்னுல கொட்டிட்டேன்.

சாவு வீட்டுல சொல்லிக்காமப் போறது வழக்கம்தான். எனக்கும் தெரியும். ஆனா இத்தனை மாசமா இங்க வர்றவங்க எல்லாரும் அப்படியேதான் போறாங்க. கோப்பி கலக்க உள்ளே போயிட்டு வர்றதுக்குள்ள பாயில ஆளைக் காணோம். நீயும்தான் மங்களம். வாரா வாரம் வர்றே. செருப்புச் சத்தத்தை வச்சுத்தான் நீ போயிட்டேன்னு எனக்குத் தெரியுது. என் மனசு நோகக் கூடாதுன்னுதான் நீ செய்யிறே. யாருமே திரும்பி வர்றேன்னு சொல்லாத வீட்டுல ஒரு நாள் உட்கார்ந்து பாரு.

கோமளா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்ப சொல்லிட்டுத்தான் போனா. வரல. அதுக்காக மத்த பிள்ளைங்களும் சொல்லாமப் போகணுமா?

பூ வச்சுக்கிட்டு வரட்டும். சிரிக்கட்டும். போறப்ப ஒவ்வொருத்தியும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். அது முடியாதுன்னா இந்த வீடு வேணாம்.

ரத்தினம்மா

பிடோக்,
29.8.1958

அம்மா,

கடலையை ஊறப் போடுங்கள்.

மங்களம்

ஃபேரர் பார்க்,
1.9.1958

என் மங்களத்துக்கு,

சட்டியில ஒரு கடலை மிஞ்சல. உன் ஆளுங்க நல்லா சாப்பிடுறாங்க.

ஒரு பேரு வைக்கிறதுக்கா அவ்வளவு சண்டை? மருதப்பன் மக பாக்கியம், "ஞாயிறு மூணு மணிச் சங்கம்"னு வைக்கலாம்னா. "ஐயே, பஸ் நேரம் மாதிரி இருக்கு லா"ன்னா ஜோசபின். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு பிலோமினம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன ரத்தினம், வீட்டுல விசேஷமா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

கிளம்புறப்ப ஒவ்வொருத்தியா வந்து, "போயிட்டு வர்றேம்மா"ன்னாங்க. நானும் "போயிட்டு வா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நடுவுல உள்ளே போயி தண்ணி குடிச்சுட்டு வந்து பார்த்தா, மீதிப் பேரு அப்படியே காத்துக்கிட்டு நிக்கிறாங்க.

நீ மட்டும்தான் சொல்லல. கடைசியா வந்து என் கையைப் பிடிச்சே, அழுதே, ஓடிட்டே. அதனால நீ இன்னும் போகலைன்னுதான் நான் வச்சிருக்கேன். சாயங்காலம் சோறு போடுறப்ப உனக்கும் ஒரு தட்டு எடுத்து வச்சேன். கோமளா அப்பா யாருக்குன்னு கேட்டாரு. மங்களம் இன்னும் சொல்லிக்கலைன்னேன்.

இந்த வாரம் வந்து, சாப்பிட்டு, சொல்லிட்டுப் போ.

அம்மா