அணைத்து வைத்த நான்கு கோர்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் அதே பாட்டு. அந்தக் கணினிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டு என்று மனைவி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்று நான் சொல்ல, எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவள் கேட்க, காபி ஆறிப்போனது. அலுவலகத்தில் பகல் முழுக்கக் கணினிகளைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கு என்றால் எரிச்சல் வராதா?

ஆனால் அறை வேகிறது, அது உண்மை. பிரசவ விடுப்பு முடிந்து போன மாதம்தான் அவள் வேலையில் சேர்ந்தாள், வீட்டிலிருந்தே. கட்டப்போகிற வீடும் கடையும் முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று கணினியில் படமாக்கித் தருவது அவள் தொழில். கடைசியில் வெளிச்சம், நிழல், தரையின் பளபளப்பு எல்லாவற்றையும் கணினியே கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். ரெண்டர் என்பார்கள். அது ஓடும்போது கணினியின் மூளையான பிராசஸர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டுகிறது, விசிறி ஊளையிடுகிறது. அதே அறையில்தான் சுண்டெலியின் தொட்டில். ஐந்து மாதக் குழந்தை, முதுகு முழுக்க வேர்க்குரு.

மார்ச் 5, புதன்

பெட்டியைத் திறக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸுக்குள் புகுந்து, பிராசஸருக்குள் வேலையாள் மாதிரி உழைக்கிற எட்டுக் கோரில் நான்கை அணைத்துவிட்டேன். ஆள் பாதி, சூடும் பாதி. எழுபதுக்கு இறங்கிவிட்டது, விசிறியின் மூச்சுகூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளுக்கு ஆச்சரியம். "சொல்லாம கொள்ளாம தட்டிட்டியா? கைராசிக்காரன்டா நீ."

தட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் சுண்டெலி விழிக்காமல் தூங்கினாளாம். வேர்க்குருவும் அமுங்குகிறது. நல்ல காரியம்தானே செய்திருக்கிறேன்?

மார்ச் 12, புதன்

முக்கால் மணியில் முடிகிற படம் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது என்றாள். அவள் சந்தேகம் கணினி மேல் இல்லை, தன் மேல்தான். படத்துக்குள் ஏதோ விளக்கைத் தேவையில்லாமல் வைத்துவிட்டேன் போல, கை பழக்கம் விட்டுப்போச்சு என்று தனக்குள் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரிய ஹாலா இருக்கும், அதான் நேரமாகுது என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் தூசி தட்டாத கதையும் சேர்ந்து வெளியே வரும். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் — என்ன மெதுவாக?

மார்ச் 17, திங்கள்

அலுவலகத்தில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம், என் ஃப்ரெண்டு ஒருத்தன் இப்படிப் பண்ணியிருக்கான் என்று ஆரம்பித்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நாலு அடுப்புல ரெண்டை அணைச்சா சமையலறைச் சூடு குறையும்பா, இல்லேங்கல. சமையல் எப்ப முடியும்?"

சும்மா இருக்கிற கோர் தானாகவே தூங்கிவிடும், அதை அணைத்துப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றார். வேலை ஓடும்போது கரண்டு கம்மியாக இழுக்கும், ஆனால் இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். திரை, மெமரி, விசிறி எல்லாம் அவ்வளவு நேரமும் கூடவே ஓடும், கூட்டிக் கழித்தால் படத்துக்கு ஆகிற கரண்டு குறைவது சந்தேகம்தான், ஏறினாலும் ஏறும். சூடுதான் பிரச்சினை என்றால் முதலில் தூசியைத் தட்டச் சொல்லு அந்தச் சோம்பேறியை என்றார்.

அந்தச் சோம்பேறி தலையாட்டிவிட்டு வந்தான்.

மார்ச் 19, புதன்

எழுதக் கை வரவில்லை. அவளுக்கு வேலை தருகிற மேடம், ஒரு கட்டட வடிவமைப்பாளர், படத்தில் உயிரே இல்லை என்று சொல்லிவிட்டாராம். எப்படி இருக்கும்? நேரத்தை மிச்சம் பிடிக்க விளக்கையெல்லாம் கழற்றினால்? அடுத்து ஒரு பெரிய ஹோட்டல் வேலை வருகிறது. அதை அவளுக்குத் தருவதா வேண்டாமா என்று மேடம் யோசிக்கிறார்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். போய்த் தோளைப் பிடித்தேன்.

"புள்ள பெத்ததுல மூளை மழுங்கிப்போச்சுடா எனக்கு. எல்லாம் மறந்துடுச்சு. வேலைய விட்டுடறேன்."

அப்படியெல்லாம் இல்லை, தூக்கம் இல்லாத அசதி என்று சொன்னேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். 'நான்தான் பாதி கோரை அணைச்சேன்.' இவ்வளவுதானே? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ச்சே. நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 20, வியாழன்

அவள் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனாள். நான் தலைவலி என்று வீட்டில் தங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். விசிறிக்குப் பின்னால் தூசி கம்பளி போல அப்பியிருந்தது. ஊதி, துடைத்து, பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் போட்டேன். எட்டுக் கோரையும் திருப்பி இயக்கினேன். ஓடவிட்டுப் பார்த்தால் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை, சத்தமும் இல்லை. டீ போட்டுக் குடிக்கிற நேரம்தான் ஆனது. இதற்கா இவ்வளவும்?

இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும், சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

காலையில் படம் பழையபடி முக்கால் மணியில் முடிந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பிறகு மேடத்துக்குப் போன் போட்டாள். நான் பால் புட்டியோடு வாசல்படியில் நிற்கிறேன்.

"தப்பு என்னோடதுதான் மேடம். சீனை ஒழுங்காவே கட்டல நான். இப்பதான் பிடிபட்டுது."

இப்படி நேர்மையாகச் சொன்னதற்கு மேடம் பாராட்டினாராம். பழைய கை திரும்பும்வரை சின்ன வேலைகளைச் செய்யட்டும், ஹோட்டலை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாராம். அதுவும் நியாயம்தானே என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு சிரிக்கிறாள்.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன். பயாஸ், கோர், தூசி, தலைவலி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த குட்டிச் சட்டையைப் பாதி மடிப்பில் நிறுத்தினாள்.

"அன்னைக்கு நான் அழுதப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் முதுகைத் தடவினியா?"

நானே மேடத்திடம் பேசி விளக்குகிறேன் என்றேன்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

நீங்க. கல்யாணத்துக்கு முன்பிருந்தே 'டா' போட்டுப் பேசுகிறவள்.

மார்ச் 24, திங்கள்

இன்றும் நீங்கதான்.

மார்ச் 30, ஞாயிறு

மேடத்திடம் அவளே பேசியிருக்கிறாள். கணினியில் கோளாறு இருந்தது, இப்போது சரி என்று மட்டும் சொன்னாளாம். என் பேரை இழுக்கவில்லை. ஹோட்டல் கைமாறிப் போனது போனதுதான். ஒரு பள்ளிக்கூட நூலகம் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து புத்தக அலமாரிகள் மின்னுகிற படம். அவ்வளவு அழகு. அவளுக்கு ஒன்றும் மழுங்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

'டா' திரும்பிவிட்டது. நேற்று என் நடையைப் பார்த்து வாத்து என்று கிண்டல்கூட அடித்தாள். அவள் மனசில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று நான்தான் வீணாகக் குழம்புகிறேன் என்று இருந்தேன்.

இன்று சுண்டெலிக்கு லேசான காய்ச்சல். மருந்து கொடுத்தியா என்று கேட்டாள், கொடுத்துட்டேன் என்றேன். சரிடா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் அந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல், மருந்துப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.